மே மாத வெயிலில் ஒரு பைண்டர்: பனியன் கம்பெனிக்காரன் பார்வையில்

மார்பைத் தட்டையாகக் காட்ட சட்டைக்குள் போட்டுக்கொள்ளும் இறுக்கமான உள்ளாடைதான் பைண்டர். பிறப்பில் பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழும் என்னைப் போன்ற திருநம்பிகளுக்கும், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காத பலருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள அம்மா அப்பாவும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது இந்தியாவிலேயே தைத்துத் தபாலில் அனுப்பும் ஒரு சின்ன தயாரிப்பாளரிடம். விலை தபால் செலவோடு ஆயிரத்து ஐந்நூறுக்குள் வந்தது. பெயரை இங்கே எழுதவில்லை. நம் ஆட்களுக்கென்று தைக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். குறைகளை அவர்களுக்கே நேராக எழுதிச் சொல்லிவிட்டேன். யாரிடம் வாங்கினாலும் எதைத் தொட்டுப் பார்க்கணும், எதைக் கேட்கணும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

எனக்கு 24 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. செக்கிங் டேபிளில் ஆரம்பித்து இப்போது சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் போடப்போகும் துணியை இழுத்து, அளந்து, துவைத்து, சுருங்குகிறதா சாயம் போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதே கவனத்தை என் உடம்பில் ஒட்டிக்கிடக்கும் ஒரு துணிக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

பார்சல் வெறும் பழுப்பு உறையில் வந்தது. வெளியே பொருளின் பெயர் இல்லை, படம் இல்லை. அனுப்புநர் இடத்தில் ஒரு ஜவுளிக் கடை பெயர் மாதிரிதான் இருந்தது. எங்கள் லைன் வீட்டில் தபால்காரர் யார் கையில் கொடுத்தாலும் கவலையில்லை. வீட்டில் சொல்லாத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிக் கட்டுவார்கள். முழு மதிப்பெண்.

இனி துணி. முன்பக்கம் இரண்டு அடுக்கு. வெளியே இழுபட்டுத் திரும்பும் நைலான் ஸ்பான்டெக்ஸ், உள்ளே இழுபடாத மெல்லிய துணி. பின்பக்கம் ஒரே அடுக்கு, கண்ணி கண்ணியாக இருக்கும் பவர்நெட். மார்பைச் சமப்படுத்துவது முன்பக்கத்தின் வேலை. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்பு விரிவதற்கு இடம் கொடுப்பது பின்பக்கத்தின் வேலை. இந்தப் பிரிவினைதான் நல்ல பைண்டருக்கும் மோசமான பைண்டருக்கும் உள்ள வித்தியாசம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும் துணி என்றால் அந்த இறுக்கம் நேராக விலாவில்தான் போய் உட்காரும்.

கம்பெனியில் செய்வதுபோலவே பேனாவால் பத்து சென்டிமீட்டர் கோடு போட்டு இழுத்தேன். முன்பக்கம் பதினொன்றைத் தாண்டவில்லை. பின்பக்கம் பதினாறு வரை போனது, விட்டதும் பத்துக்கே திரும்பியது. பல தடவை துவைத்த பிறகு அதே கோட்டில் மறுபடி இழுத்து விட்டேன். பின்பக்கம் பத்தரைக்கு வந்து நின்றது. இந்த விலைக்கு இது நல்ல துணி. பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில் முன்னூற்றுச் சொச்சத்துக்கு, பக்கவாட்டில் கொக்கி வைத்து ஒன்று விற்கிறார்கள். கூட வேலை செய்யும் ஒருவர் வாங்கியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே எலாஸ்டிக் பட்டை, கொக்கி இருக்கும் இடத்தில் தடித்த மடிப்பு. ஒரு நாள் முழுக்கப் போட்டால் அந்த மடிப்பு விலாவில் பதிந்துவிடும். அது வேண்டாம்.

தையலில்தான் எனக்குக் குறை. கழுத்திலும் கீழ் விளிம்பிலும் பேட்லாக், அதாவது மேடு இல்லாமல் தட்டையாக விழும் தையல், அடித்திருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது, தோலில் உரசவில்லை. ஆனால் கைக்குழியில் ஓரத்தை நூலால் சுற்றித் தடிப்பாக்கும் ஓவர்லாக் அடித்து உள்பக்கம் மடித்து விட்டிருக்கிறார்கள். உடம்பில் வியர்வை அதிகம் சேரும் இடமே அக்குள்தான். அங்கே ஒரு மேடு இருந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார். எனக்கு முதல் வாரமே அங்கே சிவந்துவிட்டது. பழைய பனியன் துணியில் இரண்டு இன்ச் அகலப் பட்டை வெட்டி, அந்த மேட்டை மூடி நானே தைத்துக்கொண்டேன். அதன்பிறகு தொந்தரவில்லை. எல்லார் வீட்டிலும் தையல் மெஷின் இருக்காது. தயாரிப்பாளர் இதை மாற்றியே ஆகவேண்டும். ஒரு பீஸுக்கு ஐந்து ரூபாய்கூட அதிகம் ஆகாது.

நிறம் இன்னொரு குறை. கறுப்பு, வெள்ளை, அப்புறம் 'ஸ்கின்' என்று ஒன்று. அந்த ஸ்கின் எங்கள் ஊரில் யாருடைய தோலும் இல்லை. வெளிர் சட்டைக்குள் அது தனியாகத் தெரிகிறது. நம் மாநிலத்தில் இருக்கிற தோல்களுக்கு நாலு பழுப்பு வேண்டும். டையிங் பட்டறைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இது முடியாத காரியமில்லை. நான் கறுப்புதான் வாங்கினேன்.

அளவு எடுப்பதில் அவசரப்படாதீர்கள். மார்பின் மிக எடுப்பான இடத்தில் ஒரு சுற்று, அதற்குக் கீழே விலா தொடங்கும் இடத்தில் ஒரு சுற்று, ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை. மூன்றும் வேண்டும். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டபடி டேப்பைப் பிடிக்கணும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். சின்னது எடுத்தால் இன்னும் தட்டையாகும் என்று தோன்றும். ஆகாது, சதை அக்குளுக்கும் கழுத்துக்கும் பிதுங்கி வரும், சட்டை போட்டால் அதுதான் முதலில் தெரியும். இந்தத் தயாரிப்பாளர் வாட்ஸ்அப்பில் அளவை வாங்கிக்கொண்டு, "ஆஸ்துமா, முதுகுத்தண்டு பிரச்சினை ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டார்கள். இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அதுவரைக்கும் வாங்க வேண்டாம் என்றார்கள். விற்பதைவிட என் உடம்பைப் பெரிதாக நினைத்துப் பேசியவர்கள் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது.

போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் நாள் வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு அரை நாள். தலைவழியாக மாட்டுவதைவிட காலை உள்ளே விட்டு மேலே ஏற்றுவது சுலபம். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முழுத் தட்டை என்று சொல்லமாட்டேன். லேசான மேடு இருக்கும், கொஞ்சம் சதைப்பற்றுள்ள ஆண்களின் மார்பு போல. டீசர்ட்டுக்குப் போதும். கட்டம் போட்ட சட்டைக்கு மிகப் போதும்.

நான் பார்த்தது அதைவிட மூச்சைத்தான். எங்கள் சாம்பிள் அறை மூன்றாவது மாடி, லிப்ட் சரக்குக்கு மட்டும். பைண்டரோடு படியேறி, ஏறிய உடனே நிற்காமல் பேசிப் பார்ப்பேன். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேச முடிந்தால் சரி. நெஞ்சு நிறைய மூச்சிழுத்து இரண்டு தடவை இருமிப் பார்ப்பேன். வலிக்காவிட்டால் சரி. இதில் இந்தப் பைண்டர் தேறியது. அயனிங் டேபிள் பக்கம் நீராவிக்கு நடுவே நின்ற மே மாத மத்தியானங்களிலும் தலை சுற்றவில்லை. வியர்வை மட்டும் கொட்டியது. முன்பக்க உள்துணி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, உலர நேரமாகிறது. அதற்கு உள்ளே மெல்லிய காட்டன் பனியன் ஒன்று போட்டால் தோல் தப்பிக்கும். மார்புக்குக் கீழே அரிப்பு வந்தபோது பார்த்த டாக்டரம்மா பூஞ்சைத் தொற்று என்று களிம்பு எழுதிக்கொடுத்து, அந்தக் காட்டன் பனியன் யோசனையையும் சொன்னார்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது என்று கூட வந்த சீட்டில் அச்சடித்திருந்தது. சரியான அறிவுரைதான். ஆனால் திருப்பூரில் வேலை எட்டு மணி நேரம் இல்லை. பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. நான் சாயங்கால டீ டைமில் டிரையல் ரூமுக்குப் போய்க் கழற்றிவிட்டு, தடித்த ரிப் பனியனும் மேலே பெரிய அளவுக் கறுப்புச் சட்டையும் போட்டுக்கொள்வேன். எனக்கு அந்த அறை இருக்கிறது. லைனில் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு அது இல்லை. கடையில் நிற்கிறவர்களுக்கும், டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இல்லை. பைண்டர் வாங்க நினைக்கும்போதே கழற்ற எங்கே இடம் என்பதையும் யோசித்துவிடுங்கள்.

என் அறையில் கூடத் தங்கியிருக்கும் தம்பி திண்டுக்கல் பக்கம். பத்தொன்பது வயது. வந்த புதிதில் அடிபட்ட காலுக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜை மார்பில் சுற்றிக்கொண்டு படுத்திருப்பான். இரவிலும் கழற்றமாட்டான். அது ஆபத்து. அந்தத் துணி அசைய அசைய இன்னும் இறுகிக்கொண்டே போகும். மூச்சு விடும்போது விலாவை விரிய விடாது. என்ன சொன்னாலும் கேட்கவில்லை. ஒரு நாள், "வலிக்கட்டும்ணே. அதுக்குத்தான் கட்டுறேன்" என்றான்.

அதற்கு உடனே எனக்குப் பதில் வரவில்லை. அவனை வீட்டில் ஒரு டாக்டரிடம் 'சரி பண்ண' அழைத்துப் போயிருக்கிறார்கள். மாத்திரை கொடுத்து, தலைமுடி வளர்க்கச் சொல்லி, பொட்டு வைத்துப் பழகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது சட்டப்படியே தப்பு. 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்து உத்தரவிட்டார். செய்கிறவர்களின் உரிமத்தையே பறிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வந்த பிறகும், அப்போது பதினேழு வயதாயிருந்த இந்தப் பிள்ளைக்கு அது போய்ச் சேரவில்லை. தன் உடம்பு ஒரு வியாதி என்றுதான் அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவனும் அதற்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தான்.

கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான திருநம்பி அண்ணா ஒருத்தர் இருக்கிறார், நாற்பதைத் தாண்டியவர். பைண்டர் என்ற பெயரே இங்கே யாருக்கும் தெரியாத காலத்தில் இளைஞராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அவரிடம் கூட்டிப் போனேன். அவர் அறிவுரையாக எதுவும் சொல்லவில்லை. தன் சட்டையைத் தூக்கி விலாப்பக்கம் தோலில் இருந்த பழைய கறுத்த தழும்புகளைக் காட்டினார். "அந்தக் காலத்துல எங்களுக்கு வேற வழி இல்லீங் தம்பி. சேலைத் துணியக் கிழிச்சுக் கட்டுனோம். உனக்கு வழி இருக்குது. பின்ன எதுக்குடா கண்ணு உன்னையே அடிச்சுக்கற?" என்றார். தம்பி அங்கேயே அழுதான். அன்றைக்கு ராத்திரி கழற்றிவிட்டுப் படுத்தான்.

அவனுக்கும் இதே பைண்டர் வாங்கிக்கொடுத்தேன். "இப்ப கம்பெனி பைண்டர் வந்திருச்சுல்லண்ணே, இனி தினமும் போடலாம்ல?" என்று கேட்டான். இல்லை. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பைண்டர் போடும் 1,800 பேரிடம் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் முதுகுவலி, மூச்சுத் திணறல், தோல் அரிப்பு என்று ஏதாவது ஒரு தொந்தரவைச் சொல்லியிருந்தார்கள். கடையில் தைத்து விற்கும் பைண்டரும் அதற்கு விலக்கில்லை. வாரத்தில் எத்தனை நாள் போடுகிறோம் என்பதோடுதான் தொந்தரவுகளுக்கு நெருங்கின தொடர்பு தெரிந்தது. அதே ஆட்கள் பதற்றம் குறைந்தது, தன்மேல் மதிப்பு கூடியது என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. எனக்கு இரண்டுமே நடந்தது. அதனால் போடாதே என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஓய்வு நாள் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் அறையில் ஞாயிறும், வேலை இல்லாத இன்னொரு நாளும் ஓய்வு நாள். முதலில் அந்த நாட்களைத்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குளிக்கும்போது கீழே குனிந்து பார்க்கமாட்டேன். இப்போது சோப்புப் போடும்போது இது என் நெஞ்சு, இதற்குள்தான் என் நுரையீரல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆசை இருக்கிறது, அதற்குப் பணமும் சேர்க்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் நமக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் இந்த உடம்போடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. சிகிச்சைக்குப் பிறகும் இதே உடம்பில்தானே இருக்கப்போகிறேன்.

பைண்டர் இல்லாத நாளுக்கு எங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகள் குவியலாகக் கிடக்கும். 220 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல் இருக்கும் கனமான டீசர்ட்டாகப் பார்த்து, தோள் இறங்கின அளவாக எடுங்கள். கனமான துணி உடம்பில் ஒட்டாமல் நேராக விழும். அடர் நிறம், நெஞ்சில் பெரிய பிரிண்ட் இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய லைக்ரா துணி வேண்டாம், அப்படியே ஒட்டிக்காட்டும்.

நோம்பிக்கு ஊருக்குப் போனபோதுதான் எதிர்பாராத சோதனை. தாராபுரம் பக்கம் சின்ன வீடு, தனி அறை கிடையாது. துவைத்த பைண்டரைக் கொடியில் மற்ற துணிக்குக் கீழே போட்டிருந்தேன். அம்மா அதை எடுத்து மடிக்கும்போது இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அவரும் பத்து வருடம் பனியன் கம்பெனியில் கைமடித்தவர்தான், துணி என்றால் இழுக்காமல் இருக்கமாட்டார். "இத்தன இறுக்கமா இருக்குதே, மூச்சு முட்டாதா சாமி?" என்றார். பின்பக்கத்தை இழுத்துக் காட்டி, இங்கே விரியும்மா என்றேன். அவரும் இழுத்தார். "வேலைக்குப் போட்டுக்க. வூட்ல எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்தார். அவர் இன்னும் என்னை மகன் என்று அழைக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார். ஓய்வாக இருந்துகொள்ள ஒரு வழி பண்ணிக்கொடுத்தார் என்று புரிந்தது.

பராமரிப்பு: கையால், பச்சைத் தண்ணீரில், லேசான சோப்பு. பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி நிழலில் காயப்போடுங்கள். மெஷினும் நேர் வெயிலும் ஸ்பான்டெக்ஸைச் சீக்கிரம் கொன்றுவிடும். தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேண்டும், ஒன்று காய ஒரு நாள் ஆகும். மழைக்காலத்தில் அதற்கும் மேலே. கீழ் விளிம்பு சுருண்டு மேலே ஏற ஆரம்பித்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இறுக்க ஊசி குத்தாதீர்கள், மேலே இன்னொரு பைண்டரும் போடாதீர்கள். கை மரத்தால், கூசினால், விலாவில் குத்து வலி வந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள், வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட்டு வலியை மறைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மனசு கனமாகி, வலிக்கட்டும் என்று தோன்றுகிற ராத்திரிகளுக்கு 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தம்பி ஒரு ராத்திரி கூப்பிட்டான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். முழு நீளத்தைவிட இடுப்புக்கு மேலே முடியும் அரை நீளம் நம் வெயிலுக்குத் தோதானது. தயாரிப்பாளரிடம் நான் எழுதிக் கேட்டிருப்பவை: கைக்குழியில் பேட்லாக், நாலு பழுப்பு நிறம், இரண்டு எக்ஸெல்லுக்கு மேலும் அளவுகள், சீட்டைத் தமிழிலும் அச்சடிப்பது. சீட்டை மொழிபெயர்த்து நானே அனுப்பியிருக்கிறேன்; அடுத்த தடவை அச்சடிக்கும்போது சேர்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கைக்குழிக்கு இன்னும் பதில் வரவில்லை. வாங்குகிறவர்கள் நீங்களும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் மாற்றுவார்கள்.